டயரில் ஒரு சாக்பீஸ் கோடு

ஜனவரி 9

வாண்டுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போனது உன் இஷ்டம். மலையைக் குடைந்து பாதை போடும் இடத்தில்தான் நில அளவை வேலை பார்ப்பேன் என்பதும் உன் இஷ்டம். ஆனால் போகிற போக்கில் காரை வாசலில் விட்டு, சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனாயே, அது யார் இஷ்டம்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் ஆபீசில் விசாரித்தேன். மலையில் போன் எடுக்காதாம். அடிவார டிப்போவுக்குக் கடிதம் போட்டால் சாமான் லாரியில் மேலே வருமாம். அதுவும் நல்லதுதான். போனில் நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதத்தில் கத்தினால் தொண்டை கட்டாது.

விஷயம் இதுதான். நம் தெருவில் எந்த வண்டியும் ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாதாம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் என்ன கார் வைத்து வாழ்ந்தவளா? நேற்று தொப்பி போட்ட ஒருவர் வந்து உன் தக்காளிக் காரின் பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து வருவாராம். கோடு போட்ட இடத்திலேயே இருந்தால் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு. அதற்கும் அசையவில்லை என்றால் கொக்கி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கேட்க ஆள் வராத கார்களை நசுக்கித் தகடாக்கிவிடுகிறார்களாம்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. பட்டறையில் இரண்டு முழுப் பல்செட் பாக்கி. உன் காருக்குக் காவல் இருக்க என்னால் முடியாது. ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டு போ.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

எனக்கும் அந்த வார்த்தை வரவில்லை. பரவாயில்லை, ரெண்டு பேருக்கும் ஒரே நோய்.

டிப்போவிலிருந்து இங்கே மேலே வர லாரிப் பாதை மட்டும்தான். தக்காளி முதல் வளைவிலேயே உருண்டுவிடும். அதனால்தான் விட்டுவிட்டு வந்தேன். சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் என் பொருளை வைக்க எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். "நீயும் உன் காரும் இடத்தை அடைச்சுக்கிட்டு நகரவே மாட்டீங்களா?" என்று சொன்னது நீதானே? நான் நகர்ந்துவிட்டேன். காரை நீ நகர்த்திக்கொள்.

அல்லது விற்றுவிடு. எனக்கு ஒன்றுமில்லை.

இங்கே நாள் முழுக்கப் பாறை வெடிக்கிறது. குடைகிற கோடு விலகாமல் பார்ப்பது என் வேலை. தகரக் கொட்டகையில் கட்டில் பற்றாக்குறை. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஷிஃப்ட் மாற்றி. நான் எழுந்ததும் இன்னொருத்தி வந்து அதே சூட்டில் படுத்துக்கொள்கிறாள். கண்ணை மூடினால் யாரோ தோளைத் தட்டி எழுப்பப் போகிறார்கள் என்றே இருக்கிறது.

தக்காளியின் சொந்தக்காரி

பி.கு. பேட்டரி படுத்துவிடப் போகிறது. விற்கும்வரை அவ்வப்போது கிளப்பி வை.


பிப்ரவரி 2

வாண்டுக்கு,

விற்பாயாம். கையெழுத்துப் போட வேண்டியவள் மலையில் உட்கார்ந்திருக்கிறாள், எப்படி விற்பது?

நடந்ததைக் கேள். சிரித்தால் கொன்றுவிடுவேன்.

முதலில் உன் மாமாவைக் கேட்டேன். இந்த மனிதர் தினமும் ஆயிரக்கணக்கான பேரை ரயிலில் ஏற்றிக்கொண்டு பூமிக்கடியில் பறக்கிறவர். "தண்டவாளம் போட்டுக் குடு, ஓட்டறேன். திருப்பற வண்டி எல்லாம் எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் லைசென்ஸ் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. தவறாமல் புதுப்பித்து பீரோவில் வைத்திருக்கிறேனே தவிர, ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதனால் ஒரு யோசனை செய்தேன். நகர்ந்தால் கோடு நகரும். கோடே இல்லாவிட்டால்?

பட்டறையிலிருந்து பல் மெருகேற்றும் பசையும் துணியும் எடுத்து வந்து கோட்டைத் துடைத்தேன். போனது. அடுத்த தடவை அவர் மெழுகுக் கோடு போட்டார். அதையும் எடுத்தேன். என் கைதான் தெரியுமே, ஒரு வேலையைத் தொட்டால் பாதியில் விடாது. கோட்டை எடுத்தவள் டயர் முழுவதையும் தேய்த்தேன்.

தொப்பிக்காரர் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் நேராக மேலே பார்த்து, "அம்மா, மூணு டயர் சேறு பூசிக்கிட்டு நிக்குது. ஒண்ணு மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது. இது எப்படி நகர்ந்துச்சுன்னு கீழ வந்து சொல்லிக் குடுங்க" என்றார். தெருவே சிரித்தது.

சீட்டு ஒட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிளப்பினேன், நின்றது. மறுபடி கிளப்பினேன், குதித்தது. எப்படியோ தெருவைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் மருந்துக்கடைக்கு முன்னால் செருகினேன். பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறி நிற்கிறது. சீட்டு வாபஸ்.

ஓட்டினேன், வாண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

சிரித்தேன். கொல்ல வேண்டுமானால் மலையேறி வா. கட்டில்காரி எழுந்து பைத்தியமா என்று கேட்டாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது கொட்டகையில் எல்லோருக்கும் உன்னைத் தெரியும். "டயர் அக்கா" என்கிறார்கள்.

அதற்காக நாம் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே.

தக்காளியின் கிளட்சை முழுவதும் மிதி, பாதியில் விடாதே. ரிவர்ஸ் போடும்போது கியரை ஒரு முறை அழுத்திவிட்டுத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. ஹேண்ட்பிரேக்கை மேலே வரை இழு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டால் உள்ளங்கையை வைத்து இறக்கு. இதெல்லாம் விற்கும்வரைதான்.

இனி எழுதும்போது வண்டி எங்கே நிற்கிறது என்று எழுது. உன் கடிதம் வந்து சேர்வதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும், தெரியும். இருந்தாலும் எழுது. படுக்கும்போது அது எங்கேயாவது நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

வாண்டு


மார்ச் 3

வாண்டுக்கு,

வண்டி இப்போது சலவைக்கடைக்கும் தபால்பெட்டிக்கும் நடுவில். முந்தாநாள் வரை பள்ளிச்சுவர் ஓரம். அதற்கு முன்னால் பின்தெருவில் ஒரு நாள். அங்கே பறவைகள் அசிங்கம் பண்ணிவிட்டன, துடைக்க மாளவில்லை.

எனக்கு நிம்மதியே போய்விட்டது. பல்லுக்கு மெழுகு வார்க்கும்போதும் இன்று என்ன கிழமை, தெருவில் எந்தப் பக்கம் பெருக்குவார்கள் என்றே ஓடுகிறது. வெளியே எந்த வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டாலும் கொக்கி வண்டியோ என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன். "அந்த ஜன்னல்ல யாரை வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார் முதலாளி.

ஆனால் ஒன்று. இடம் பார்க்கும் கண் வந்துவிட்டது எனக்கு. வரிசையாகக் கார்கள் நிற்கும்போது நடுவில் ஒன்று கிளம்பினால், பல் விழுந்த வாய் மாதிரிதானே இருக்கிறது? அந்தச் சந்தில் என்ன உட்காரும், எது இடிக்கும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். என் பிழைப்பே அதுதான். மற்றவர்கள் மூன்று தரம் முன்னும் பின்னும் ஆட்டுகிற இடத்தில் நான் ஒரே திருப்பில் வைத்துவிடுகிறேன்.

செவ்வாய், வெள்ளியில் பெருக்கும் இயந்திரம் வரும் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன் எல்லோரும் காரை எதிர்ப்பக்கம் இரட்டை வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இயந்திரம் போனதும் அவரவர் இடத்துக்குப் பாய வேண்டும். யாரும் யார் இடத்தையும் பிடிக்கக் கூடாது என்பது பேச்சில்லாத ஒப்பந்தம். மீன்கடை அம்மா மட்டும் விதிவிலக்கு. உன்னோடு அத்தனை சண்டை போட்டவள் என்னை விடுவாளா? முதல் நாளே வேனை என் இடத்தில் செருகினாள். நான் இறங்கிப் போய் அவள் ஜன்னலில் நின்றேன். "தங்கச்சி போயி அக்கா வந்துட்டியா? உங்க வீட்டுல ஆளு மாறினாலும் மூஞ்சி மாறாது" என்றாள். நானும் விடவில்லை. "மூஞ்சி மட்டுமில்ல, வாயும் மாறாது. வேனை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் அவளே டீ வாங்கிக் கொடுக்கிறாள்.

இயந்திரம் போன பிறகும் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மேலே போகிறேன். இன்ஜின் சூடு ஆற வேண்டாமா.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நல்ல சேதி. தக்காளிக்கு ஆள் கிடைத்துவிட்டார். டிப்போ கிடங்குக்காரரின் தம்பி உன் ஊரில்தான் இருக்கிறார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அவர் வரும் ஞாயிறு வந்து பார்ப்பார். சாவியைக் கொடுத்துவிடு. உனக்கு விட்டது தொல்லை.

இன்னொன்று. ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள். இந்தச் சுரங்கம் முடிந்ததும் அடுத்த மலை, அதற்கப்புறம் அதற்கடுத்த மலை. சரி என்று சொல்லலாமென்று இருக்கிறேன். எங்கேயும் தங்க வேண்டியதில்லை என்றால், எங்கேயும் இடம் இல்லை என்ற கவலையும் இல்லை பார். அங்கே திரும்பி வந்தால் மறுபடி சமையல்கட்டில் மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு படுக்க வேண்டும். மாமாவின் அப்பா டிவியை நிறுத்தும்வரை விழித்திருக்க வேண்டும். வேண்டாம்.

கார் போனதும் ஒரு வரி எழுது.

வாண்டு


மார்ச் 25

வாண்டுக்கு,

அந்த ஆள் வந்தார். எனக்கு அவர் முகமே பிடிக்கவில்லை. வந்ததும் கதவை உதைத்துப் பார்க்கிறார், காரை யாராவது உதைப்பார்களா? தவிர நீ அனுப்பிய காகிதத்தில் உன் போட்டோ இல்லை. போட்டோ வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எதற்கு வம்பு. மழைக்காலம் வேறு வருகிறது, மழையில் கைமாறும் வண்டி உருப்படாது என்று சொல்கிறார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. பொறுத்துச் செய்யலாம்.

வண்டி நம் வாசலிலேயே நிற்கிறது. வெறும் வாசல் இல்லை, மரத்துக்கு நேர் எதிரே, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில். தெருவிலேயே நல்ல இடம் அதுதான். பக்கத்தில் கம்பம் இருப்பதால் ஒரு பக்கம் யாரும் இடிக்க முடியாது, அந்த இடத்துக்காக நீயே எத்தனை நாள் சுற்றியிருக்கிறாய். மூன்று நாளுக்கொரு தரம் நான் எடுப்பேன், மீன்கடை அம்மா வேனை உள்ளே விடுவாள். மறுபடி அவள் எடுப்பாள், நான் விடுவேன். வெளி ஆள் நுழையவே முடியாது. தொப்பிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போகிறார்.

அடுத்த மலையாம், அதற்கடுத்த மலையாம். உன் இஷ்டம். நான் என்ன சொல்ல.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

கிடங்குக்காரரின் தம்பி வேறு மாதிரி சொல்கிறார். பிரேக் பிடிக்காது என்றாயாம். சீட்டில் மூட்டைப்பூச்சி என்றாயாம். போன வாரம் அதில் ஒருத்தர் உயிர்விட்டார் என்றுகூடச் சொன்னாயாம்! கிடங்குக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

உண்மையைச் சொல். வண்டியை எங்கே கொண்டுபோய் இடித்தாய்? முன்பக்கமா, பின்பக்கமா? இடித்திருந்தால் இடித்தேன் என்று எழுது. மழைக்காலம், போட்டோ என்று என் காதில் பூச்சுற்றாதே. எடு எடு என்று கத்தியதும் நீதான். எடுக்க ஆள் வந்தால் விரட்டுவதும் நீதான். என்னதான் வேண்டும் உனக்கு?

வாண்டு


ஏப்ரல் 24

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நேற்று வண்டி மாற்றும்போது மீன்கடை அம்மா சொன்னாள்: "உன் தங்கச்சி போன வாரம் வந்தாளே, என்ன அதுக்குள்ள திரும்பிட்டாளா?" நான் முழித்தேன். நீ முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாயாம். "முடிய வெட்டினா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டா போல. என்கிட்ட எத்தன சண்ட போட்டிருக்கா, எனக்கா தெரியாது? மத்தியானம் மரத்தடியில ரொம்ப நேரம் நின்னா. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, அந்தக் கார் விக்கிறதான்னு பாக்க வந்தேன், விக்கிறதில்லன்னு தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

ஒரு நாள் முழுக்க லாரியும் ரயிலும் ஏறி இந்தத் தெரு வரை வந்திருக்கிறாய். மூன்று மாடி ஏற உனக்குக் கால் வரவில்லை. கார் எங்கே இடித்திருக்கிறது என்று பார்க்க வந்தாய், இல்லையா? பார்த்தாயா? ஒரு கீறலாவது இருந்ததா? நீ விட்டுப் போனதைவிடச் சுத்தமாக நிற்கிறது.

காருக்காக வந்தவள் அக்காவுக்காக வரவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? உன் மாமா தூங்குகிறார். அவர் அப்பா டிவி பார்க்கிறார். குளியலறையில் போய் அழுதுவிட்டு, யாரோ கதவைத் தட்டியதும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

நீ ஏன் வண்டியை விற்கவில்லை என்று கேட்டாயே. அதுவும் போய்விட்டால் இந்தத் தெருவில் உன்னுடையது என்று ஒன்றும் இருக்காது. ஒருத்தி இங்கே திரும்பி வருவாள் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்னிடம்? அதற்காகத்தான் பொய் சொன்னேன். மூட்டைப்பூச்சி கொஞ்சம் அதிகம்தான்.

இனி நான் எழுதப் போவதில்லை.


மே 4

அன்புள்ள அக்கா,

நீ எழுத வேண்டாம். படி.

இடித்திருப்பாய் என்று நினைத்துத்தான் வந்தேன். அது உண்மை. முதலில் டயரைத்தான் பார்த்தேன், பிறகுதான் உள்ளே பார்த்தேன்.

அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. வண்டியை மாற்ற வேண்டிய நாளும் இல்லை. நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வைத்திருந்தாய். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, ஒவ்வொரு சுளையாக, நாரெல்லாம் எடுத்து, மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். யாருக்கும் கொடுக்காமல் முழுப் பழத்தையும் நீயே சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சும்மா இருந்தாய், அக்கா. உன் வீடு தலைக்கு மேலேயே இருக்கிறது. நீ கீழே காரில் இருக்கிறாய்.

இன்ஜின் சூடு ஆறுவதற்காக நீ அங்கே உட்காரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இடமில்லை என்று விரட்டியவள் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறாளே என்று. ஜன்னலைத் தட்டிக் கேட்கத்தான் தெருவைக் கடந்தேன். பாதி வந்ததும் நின்றுவிட்டேன். முன்னறையில் டிவி, படுக்கையறையில் ராத்திரி வேலை முடிந்து பகல் முழுக்கத் தூங்கும் மாமா, சமையல்கட்டில் மேசைக்கடியில் நான். நான் இருந்தபோது நீ எங்கே உட்கார்ந்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. நீ நின்றுகொண்டேதான் இருந்தாய்.

தட்டியிருந்தால் எழுந்து, "சாப்பிட்டியா, வா மேல" என்று ஓடியிருப்பாய். அந்த நேரத்தை உன்னிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. அதனால் போய்விட்டேன். காருக்காக வந்தேன். திரும்பியது உனக்காக.

காகிதம் வைத்திருக்கிறேன். வாங்குபவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டோவும் ஒட்டியிருக்கிறேன், மொட்டைத் தலையோடு. தக்காளி இனி உன்னுடையது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்.

ஒப்பந்த நீட்டிப்புக்கு இந்த மாதக் கடைசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

வாண்டு


மே 17
அடிவார டிப்போ

அன்புள்ள வாண்டு,

எழுத மாட்டேன் என்றேன். இது கடிதமில்லை, துண்டுச்சீட்டு. மேலே வரப்போகும் சாமான் லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் கீழே நிற்கிறேன்.

ஆமாம், ஓட்டிக்கொண்டுதான் வந்தேன். நேற்றுக் காலையில் கிளம்பினேன், வழியில் ஒரு விடுதியில் தங்கினேன். நெடுஞ்சாலையில் எல்லா வண்டியும் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. ஓரிடத்தில் பயந்து ஓரமாக நிறுத்தித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். திரும்புகிற இடம் வருவதற்குள் மலை தெரிந்துவிட்டது.

உன் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். எனக்குக் கார் வேண்டாம். அன்று நான் சொன்னதை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இடம் இல்லைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது உன்னிடம் இல்லை, உன் மாமாவிடம். சொல்லிவிட்டேன். உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அவர், "நீ தினமும் காருக்குக் காவல் இருக்கேன்னு நெனச்சேன்டி. இதுக்கா அங்க போய் உக்காந்தே?" என்றார். மறுநாளே டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. இனி அவர் அப்பா அங்கே, உன் மாமா தூங்கும்போது காதில் பஞ்சு. "சுரங்கத்துல எத்தன சத்தம், இது ஒரு சத்தமா" என்கிறார். முன்னறையில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அது என்னுடையது. உனக்கு ஒரு கட்டில் போட எதிர்ச் சுவரை அளந்துவிட்டேன். கண்ணாலேயே அளந்தேன், உட்காரும். ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் உட்காரும். நடுவில் யாரும் மேசையைக் கொண்டுவந்து போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது போதாது என்று உனக்குத் தோன்றினால் அடுத்த மலைக்கே போ. தடுக்க மாட்டேன். ஆனால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல். இந்தத் தடவை மரத்தடியில் நின்றுவிட்டுப் போக முடியாது. இங்கே மரமே இல்லை, பார்த்துவிட்டேன்.

விளக்குக் கம்ப இடம் போய்விட்டது. நான் காரை எடுத்ததும், தெரு முனை திரும்புவதற்குள் கண்ணாடியில் பார்க்கிறேன், மீன்கடை வேன் உள்ளே. "ரெண்டு பேராத் திரும்பி வந்தா யோசிக்கிறேன்" என்று கத்தினாள். தர மாட்டாள். திரும்பிப் போனால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இடப்பக்கம் பார்க்கிறேன், நீ வலப்பக்கம் பார்.

கிடங்குக்காரரிடம் எவ்வளவு நாள் நிறுத்தலாம் என்று கேட்டேன். "இங்க யாரும்மா கேக்கப் போறா? எத்தன நாள் வேணும்னாலும் நிக்கட்டும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து நாலு டயரையும் பார்த்தேன். கோடு இல்லை.

லாரி கிளம்புகிறது. அது இறங்கும்போது நீயும் இறங்கி வா. பக்கத்து சீட்டில் ஒரு சாமானும் வைக்கவில்லை.

அக்கா